பன்னிரண்டாவது பதிவுத் தபால்

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டுத்தான் கோகிலவாணி கொல்லைப்புறம் ஓடினாள்.

துணி துவைக்கும் கல்லில் தண்ணீர் விட்டு விட்டுத் தீட்டிக்கொண்டிருந்தான் தம்பி அருண்பிரசாத். கூடலூரிலிருந்து மழையில் பைக்கை விரட்டிக்கொண்டு வந்தவன், அப்பாவின் காலைத் தொட்டு இரண்டு நிமிடம் அழுதான். மூன்றாவது நிமிடம் கத்தியைத் தேடப் போய்விட்டான்.

"என்னடா பண்ற?"

"படலை வெட்டப் போறேன்க்கா. அந்த வழியாப் போனா சுடுகாடு பத்து நிமிசம். றோட்டைச் சுத்திப் போனா நாலு கிலோமீட்டர். இந்த மழையில, அட்டைக்கடியில, அப்பாவைத் தூக்கிட்டு எவன் நடப்பான்?"

"படலு மாமாவோடது."

"பாதை யாரோடது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் இந்தக் குடும்பத்தில் ஒன்பது வருடச் சண்டையே வந்திருக்காது.

முன்வாசலிலிருந்து அம்மா வேலாயியின் குரல் கணீரென்று வந்தது. "எங்கண்ணன் வந்து கோடிச்சேலை போடாம இந்த மனுசனைத் தூக்க உடமாட்டேன், ஆமா! படலை வெட்டினீங்க, அவரு சென்மத்துக்கும் வரமாட்டாரு. அப்பறம் நீங்களே உங்கப்பனை வச்சுப் பாத்துக்கங்க."

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். பிறந்த வீடு என்று அம்மாவுக்கு மிச்சமிருப்பது ஒரே அண்ணன், மயில்சாமி. அவர் வீடோ, கூப்பிடு தூரத்தில், தேயிலைச் சரிவுக்கு அந்தப் பக்கம். நடுவில் அந்த மூங்கில் படல்.

மணி பத்தரை. மூன்று மணிக்குள் எடுக்க வேண்டும். அதற்கு மேல் சேரம்பாடியில் பனி இறங்கினால் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது.

கோகிலவாணி படலை நோக்கி நடந்தாள்.

மாமா அங்கேதான் நின்றிருந்தார். ஒன்பது மணியிலிருந்தே நிற்கிறாராம். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பையின் வாயிலிருந்து புதுச்சேலையின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"மாமா, சேலையை வாங்கி வச்சுக்கிட்டு இங்க நின்னா எப்படி? உள்ள வாங்க."

"எப்படிம்மிணி வர்றது?" மாமா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருந்தார். "உங்கப்பன் போட்ட மொதல் ரிஜிஸ்டர் தபால். 'இனி என் வாசலை மிதிக்கக் கூடாது.' கையெழுத்து, தேதி எல்லாம் இருக்குது. மிதிக்கலாம்னு எழுத்துல வந்திருக்கா?"

"வந்துக்கிட்டு இருக்கு மாமா. திங்கக்கெழமையே போட்டுட்டாரு. நானேதான் முத்திரை குத்தினேன். 'கோகிலா, போர் முடிஞ்சுது'ன்னு சொல்லித்தான் குடுத்தாரு."

"வாய்வார்த்தை." மாமா குடையை மாற்றிப் பிடித்தார். "வரலாத்துல வாய்வார்த்தைக்கு எடமில்லைன்னு சொன்ன வாத்தியாரு அவன்தான். எழுத்து வரட்டும்."

அந்தத் தோட்டத்துக் கிளைத் தபாலகத்தின் போஸ்ட்மாஸ்டர் கோகிலவாணிதான். படலைத் தாண்டி இருநூறு அடியில் இருக்கும் வீட்டுக்கு அப்பா எழுதுகிற ஒவ்வொரு பதிவுத் தபாலும் பையேறி, பஸ்ஸேறி, கூடலூர் வரை ஊர்வலம் போய்த் திரும்பி வரும். 'கையில குடுத்துட்டு வர்றேனேப்பா' என்று ஒருமுறை சொன்னதற்கு, 'ரெண்டு நாட்டுக்கு நடுவுல போக்குவரத்து அப்படித்தான் நடக்கணும்' என்று முறைத்தார். முதல் தபாலை மட்டும்தான் மாமா வாங்கினார். அடுத்த பத்தும் 'வாங்க மறுப்பு' என்று திரும்பி வந்தன. இது பன்னிரண்டாவது.

அவள் திரும்பி வந்தபோது வாசலில் தப்பு மேளச் சத்தம் ஓய்ந்து, சிரிப்புச் சத்தம் கேட்டது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஜீப்பை ஓட்டும் பொன்ராஜ் நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அப்பாவிடம் எட்டாவது வரை வரலாறு படித்து, எட்டாவதில் வரலாற்றிலேயே ஃபெயிலானவன்.

"வருசா வருசம் அதே போருதாங்க. பாடப் புத்தகத்துல கெடையாது. ஆனா சார் நடத்துவாரு. அமெரிக்கா தம்பி, இங்கிலாந்து அண்ணன். தம்பி சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போய் முப்பது வருசமாச்சு. அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறல. கடல்ல தம்பி கப்பல் போனா நிறுத்துவானாம். 'நீ எங்கூட்டுல பொறந்தவன்தானே, எறங்கு'ன்னு மாலுமிகளை இழுத்துட்டுப் போயிருவானாம். யார்கூட யாவாரம் பண்ணணும்னும் அவனே சொல்லுவானாம். தம்பி எத்தனை நாளைக்குப் பொறுப்பான்? ஆயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு. இறங்கிட்டான் போருக்கு!"

"அப்படியே நம்ம மயில்சாமி அண்ணன் கதை," என்றார் தப்புக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது அப்பாவும் அம்மாவும் மாமாவின் குடும்ப அட்டையில் வந்தவர்கள். அவருடைய லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஐந்து வருடம் இருந்து தனியே போனார்கள். ஓய்வு பெற்றபின் அப்பா ஒன்றரை ஏக்கர் தேயிலை வாங்கினார், மாமாவின் சரிவுக்குப் பக்கத்திலேயே. அப்பாவின் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்க வரும் பெண்களை மாமா வழியிலேயே ஜீப்பை நிறுத்தி இறக்கிக்கொள்வார். 'எல்லாம் எங்கார்டுல வந்ததுக. எந்தங்கச்சி புருசனுக்கு என்ன தனியா ஆளு?' என்பார். அப்பா முதல் தபாலைப் போட்டார். மாமா படலைப் போட்டார்.

"இதுல கேளுங்க கூத்து," பொன்ராஜ் விடவில்லை. "யாவாரத் தடையை எடுத்துடலாம்னு அண்ணன்காரன் லண்டன்ல முடிவு பண்ணிட்டான். அந்தச் சேதி கப்பல்ல வர்றதுக்குள்ள தம்பி போரை ஆரம்பிச்சுட்டான். ரெண்டரை வருசம் அடிச்சுக்கிட்டானுக. அண்ணன் தம்பியோட தலைநகருக்கே வந்து, ஜனாதிபதி ஊட்டுல வச்சிருந்த விருந்தைச் சாப்பிட்டுட்டு, ஊட்டைக் கொளுத்திட்டுப் போனான். கடைசியில சமாதானம்னு கையெழுத்துப் போட்டாங்க. அந்தக் காயிதம் கடல்ல வருது, வருது, வந்துக்கிட்டே இருக்குது. இங்க பதினஞ்சு நாள் கழிச்சு இருக்கறதுலயே பெரிய சண்டை! சார் டெஸ்க்குல ஓங்கி அடிப்பாரு. 'அத்தனை பேரு எதுக்குடா விழுந்தான்? கடுதாசி வராததாலடா!' மொத பெஞ்சுல தூங்கிட்டிருந்த நான் எந்திரிச்சுருவேன்."

அப்போதுதான் அருண்பிரசாத் கத்தியோடு வந்தான். பின்னால் அப்பாவின் பழைய மாணவர்கள் நான்கு பேர்.

"பேசினது போதும். நான் போய் வெட்டறேன். தடுத்தா தடுக்கட்டும்."

கோகிலவாணி அவன் முன்னால் போய் நின்றாள். "டேய், இவ்வளவு நேரம் பொன்ராஜ் என்ன சொன்னான்னு கேட்டியா? சமாதானம் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் பொறு."

பன்னிரண்டு அடித்தது. பஸ் வரவில்லை. தபால்காரன் விமல் போனில் கத்தினான்: "அக்கா, தேவர்சோலை தாண்டி றோட்டுல மரம் விழுந்துருச்சு! பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது. பாடைக்கு மூங்கில் ஏத்தின வண்டியும் அந்தப் பக்கந்தான்!"

கோகிலவாணி பொன்ராஜைப் பார்த்தாள். பொன்ராஜ் ஏற்கெனவே ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"மரத்துக்கு இந்தப் பக்கம் விமல் நிக்கட்டும். பையை மரத்துமேல கை மாத்தி வாங்கிக்கறோம். வரலாத்துல ஃபெயிலானாலும் வண்டியில நான் ஃபெயிலானதில்ல."

ஒரு மணி. இரண்டு மணி. அம்மா காலையிலிருந்து அப்பாவோடு போட்ட சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விடிகாலையில் ஒரு மடக்கு தேத்தண்ணி குடித்துவிட்டு 'வேலாயி, சீனி பத்தல' என்றவர், அவள் டப்பாவோடு வருவதற்குள் போய்விட்டார். "சீனியைப் போடறதுக்குள்ள அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" அவள் மடியில் சீனி டப்பா இன்னும் இருந்தது.

இரண்டே கால். சரிவின் மேலே பனி இறங்கத் தொடங்கியது. அருண்பிரசாத் கத்தியோடு படலை நோக்கி நடந்தான். நான்கு பேரும் நடந்தார்கள். கோகிலவாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்கே செடிகளுக்குள் ஓடி, அவர்களுக்கு முன்னால் படலை அடைந்தாள்.

மாமா அசையவில்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார்.

"வெட்டு மாப்ள, பாக்கலாம்."

அருண்பிரசாத் கத்தியை ஓங்கினான்.

ஹாரன் சத்தம் சரிவையே உலுக்கியது. ஜீப் முழுதாக நிற்பதற்குள் விமல் குதித்தான், மார்பில் தபால் பையை அணைத்தபடி. "ரிஜிஸ்டர்! ரிஜிஸ்டர்! ஆரும் ஒண்ணும் பண்ணாதீங்க, ரிஜிஸ்டர்!"

கத்தி அந்தரத்தில் நின்றது.

விமல் மூச்சிரைக்கக் கவரை நீட்டினான். மாமா அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். பத்துத் தபால் பழக்கம். கை தானாகப் பேனாவைத் தேடிப் போயிற்று.

"மறுப்புன்னு எழுதிக்க."

கோகிலவாணி படலை ஒட்டி மாமாவுக்கு நேரே வந்து நின்றாள். இரண்டு நொடி அவள் மகளும் இல்லை, மருமகளும் இல்லை, போஸ்ட்மாஸ்டர்.

"மறுத்தா, விதிப்படி அனுப்புனவருக்கே திரும்பிப் போகணும். அனுப்புனவரு எங்க இருக்காரு மாமா?"

மழை சில்வர் ஓக் இலைகளில் சொட்டியது. மாமா படலுக்கு மேலாக, அந்த வாசலை, அங்கே அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சைப் பார்த்தார்.

பிறகு கையெழுத்துப் போட்டார். கோணல் மாணலாக.

கவரைப் பிரித்துத் தனக்குள் ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். தாளை அவளிடம் நீட்டினார். "நீயே படி. எல்லாருங் கேக்கட்டும்."

"மச்சான் மயில்சாமிக்கு முத்துவேல் எழுதுவது. என் வாசலை மிதிக்கக் கூடாது என்று முன்பு எழுதியதை இதன் மூலம் ரத்து செய்கிறேன். படல் இருந்த இடத்தில் இருக்கட்டும். நிலமும் அவரவருடையது. யாருக்கும் ஓரங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் ஜெயித்தது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் ஆராய்ந்து கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வரவும். வேலாயி கோழி அடிப்பாள். பின்குறிப்பு: நேற்று நீங்கள் படலுக்குக் கயிறு கட்டும்போது கை நடுங்கியதைப் பார்த்தேன். டாக்டரிடம் காட்டவும்."

பொன்ராஜ் ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான், வெளிப்பக்கம், மழையிலேயே.

மாமா மூக்கை உறிஞ்சினார். "படல் இருந்த எடத்துல இருக்கட்டுமாம். சாகறப்பவும் உத்தரவு போடறான் பாரு." பிறகு அருண்பிரசாத்திடம் கையை நீட்டினார். "மாப்ள, கத்தியைக் குடு. பாடைக்கு மூங்கில் மரத்துக்கு அந்தப் பக்கம்தானே நிக்குது?"

"ஆமாங்க மாமா."

"இது எங்கையால வெட்டிக் கட்டினது. முத்தின மூங்கில். உங்கப்பனைத் தாங்கும்."

கயிற்றை அறுக்கும்போது அவர் கை நடுங்கியது. அருண்பிரசாத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மாவின் தோளில் கோடிச்சேலை விழுந்தது. "இத்தனை நாளு எங்க போய்த் தொலைஞ்சே?" என்று அண்ணன் நெஞ்சில் நான்கு குத்துக் குத்திவிட்டு, அப்புறம்தான் அம்மா அழுதாள். தப்பு அதிர்ந்தது. அப்பா குறுக்குப் பாதையில், பத்தே நிமிடத்தில் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்தது. துக்க வீட்டில் கோழி ஏது, பருப்பும் ரசமும்தான். கோகிலவாணி வாசலில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். சரியாகப் பன்னிரண்டரைக்கு, சலவை வேட்டியில் மாமா சரிவில் இறங்கி வந்தார்.

பாதையில் படல் நின்ற இடத்தில் இப்போது இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. மாமா அங்கே வந்ததும் நின்றார். பழக்கத்தில் கையை நீட்டி, இல்லாத கயிற்றை அவிழ்த்து, இல்லாத படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். திரும்பி நின்று, சத்தமில்லாமல் அதைச் சாத்தினார்.

கோகிலவாணி இன்னொரு இலையை எடுத்து நறுக்கினாள்.