வுகோசாவ் படுத்திருந்த ஆறு நாட்கள்

வுகோசாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சுற்றுலா வழிகாட்டி வேலையில், கல்யாணமாகி முப்பது வருஷமும் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தான். காலையில் கோட்டோர் கோட்டை, மத்தியானம் ஓஸ்ட்ரோக் மடம், சாயங்காலம் தாரா பாலம் என்று எங்கள் மொண்டெனேகுரோ நாடு முழுவதையும் ஒரே நாளில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டி முடித்து வீட்டுக்கு வந்தால், நின்றபடியே சூப்பைக் குடிப்பான்.

இந்த வசந்தத்தில் அவன் மனைவி மிலியானா பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஏழே ஏழு நாள் ஒரு இடத்துல இருந்து காட்டுய்யா. மறுநாளே திரும்பி வர்றேன். இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

வீட்டோடு இரு என்பதுதான் அவள் சொன்னதற்கு அர்த்தம். இந்த மனுஷன் என்ன செய்தான்? ஆகஸ்டில் மலைக் கிராமத்தில் நடக்கும் சோம்பேறிப் போட்டியில் போய்ப் பெயர் கொடுத்தான். அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்கள் எங்களைச் சோம்பேறிகள் என்று கிண்டல் செய்து செய்து, கடைசியில் எங்கள் ஆட்கள் அதற்கே பரிசு வைத்துவிட்டார்கள். மரத்தடியில் மெத்தை. கடைசிவரை படுத்துக் கிடப்பவனுக்குப் பரிசு. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறைக்குப் போய்வரப் பத்து நிமிஷம் விடுவார்கள். மற்ற நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாலே தோல்வி. தனியாக இருந்தால் ஓடிவிடுவோம், நாலு பேர் பார்க்கப் படுத்தால் மானத்துக்குப் பயந்தாவது கிடப்போம் என்பது அவன் கணக்கு.

முதல் நாளே முதுகு எரிந்தது. மூன்றாம் நாள் கால்விரல்கள் தானாக ஆட ஆரம்பித்தன. பக்கத்து மெத்தையில் கிடந்த ஓப்ராத்துக்குப் பொறுக்கவில்லை.

"பிரேக்கைப் போடுடா. உன் காலைப் பார்த்தா எனக்கு மூச்சு வாங்குது."

"பார்க்காதடா. திரும்பிப் படு."

"திரும்பணுமா? அவ்வளவு வேலை யாரு செய்யிறது?"

ஆறாம் நாள் மத்தியானம் மூன்று பேர்தான் மிச்சம். இன்னும் ஒரு நாள் தாண்டினால் மிலியானா வந்துவிடுவாள். வுகோசாவ் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அப்போது ஒரு பேருந்து வந்து நின்றது. பல்ஷா என்ற இளம் வழிகாட்டி பயணிகளை அழைத்து வந்து, படுத்திருந்தவர்களைக் காட்டினான்.

"இவங்கதான் எங்க வீரர்கள். போட்டோ எடுத்துக்குங்க."

"அடுத்தது பீவா ஏரிதானே?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"அங்க ஒண்ணுமில்லீங்க, வெறும் தண்ணி. நேரா பாலத்துக்குப் போயிடலாம்."

வுகோசாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"வெறும் தண்ணியாடா? அணை கட்டினப்போ அங்க இருந்த மடத்தையே கல்லு கல்லாப் பிரிச்சு மேட்டுல கட்டினாங்கடா! அந்தத் தண்ணிக்கடியில ஊர் இருக்கு. என் பொண்டாட்டி பொறந்த ஊரு! எட்டு வயசுல வீட்டை விட்டுட்டு மேல ஏறினவ அவ!"

"போச்சு, எந்திரிச்சுட்டான்" என்றான் ஓப்ராத், தலையைத் தூக்காமலே.

அப்போதுதான் பயணிகளுக்குப் பின்னால் நின்ற மிலியானாவை வுகோசாவ் பார்த்தான். ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பார்க்க, பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அண்ணன் காரைத் தானே ஓட்டி வந்திருந்தாள்.

"மிலியானா... இன்னும் ஒரே நாள்தான் இருந்துச்சு..."

"பார்த்தேன்."

"அவன் உங்க ஊரைப் போய்..."

"அதையும் கேட்டேன். அந்த ஏரிக்கு எத்தனை ஆயிரம் பேரைக் கூட்டிட்டுப் போயிருப்ப? என்னை எத்தனை தடவை?"

ஒரு தடவைகூட இல்லை.

"வண்டிய எடு. அந்த ஏரிக்குப் போகலாம்" என்று கார்ச் சாவியை நீட்டினாள்.

முன் இருக்கையில் அவள் ஏறவில்லை. "நான் பயணி. மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்லிட்டு வா" என்று பின்னால் உட்கார்ந்தாள்.

சொல்வதற்கா பஞ்சம்? அணை எவ்வளவு உயரம், எந்த வருஷம் தண்ணீர் ஏறியது, மடத்தைப் பெயர்த்துக் கட்ட எவ்வளவு காலம் பிடித்தது எல்லாம் மனப்பாடம். மலைப்பாதை முழுக்க மூச்சுவிடாமல் சொன்னான். ஏரிக்கரையில் வண்டி நின்றதும் மிலியானா இறங்கிப் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் சொல்ற. இப்ப எங்க வீடு எந்தப் பக்கம்னு காட்டு."

வுகோசாவ் இந்தக் கரையைப் பார்த்தான், அந்தக் கரையைப் பார்த்தான். முப்பது வருஷத்தில் அவளிடம் அதை அவன் கேட்டதே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"தெரியல மிலியானா. நீதான் காட்டணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுக்கு நேரமாகும். உட்காரு."

அவன் உட்கார்ந்தான்.