தைலக்கடைக்காரரின் முழங்கை

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே எங்கள் தைலக்கடை. என் வீட்டுக்காரர் கருணாகரன் இடது முழங்கையைக் கண்ணாடி மேசையில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, ஊரார் வலிக்கெல்லாம் மருந்து சொல்வார். மூட்டுவலியா, தைலம். கழுத்துப் பிடிப்பா, தைலம். மருமகள் பேசமாட்டேன் என்கிறாளா, அதற்கும் நெற்றியில் ஒரு சொட்டுத் தடவச் சொல்லியிருப்பார், நான் பக்கத்தில் இல்லாவிட்டால்.

அப்பேர்ப்பட்டவருக்கு இடது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. புட்டிகள் கைநழுவி விழத் தொடங்கின. தைலம் தடவினார். இன்னும் மரத்தது. சண்டை போட்டு டாக்டரிடம் இழுத்துப் போனேன். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஆழத்தில் சூடு கொடுக்கும் மெஷின் வைத்தியம் வேண்டும், அதைவிட முக்கியம் முழங்கையை எதிலும் ஊன்றக் கூடாது, அசட்டையாக விட்டால் விரல்கள் சூம்பிப்போகும் என்றார். எனக்கு அந்த விரல்கள்தான் கவலை. இவருக்கோ வேறு கவலை.

"ஆராவது பாத்துட்டா கடை என்னாகிறது? குன்னூர்ல வேண்டாம் மருதா. ஊட்டிக்குப் போயிக்கலாம்."

மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, திருடனைப்போல ஊட்டி பஸ்ஸில் வந்தார். அங்கே ஃபெபி என்றொரு பெண்தான் பிசியோதெரபிஸ்ட்.

"தோல்ல எண்ணெய், தைலம் எதுவும் இருக்கக் கூடாதுங்க. சூடு பட்டா பொத்துப்போகும்."

நன்றாகத் தலையாட்டினார். மறுமுறை போனபோது அந்தப் பெண் மூக்கைச் சுளித்தாள்.

"தைல வாசம் வருதே?"

"ஊட்டில காத்தே தைல வாசந்தானுங்களே!"

மெஷின் ஓட ஆரம்பித்த சற்று நேரத்தில் "ஐயோ!" என்று அலறினார். ஃபெபி ஓடிவந்து நிறுத்துவதற்குள் முழங்கை கன்றிச் சிவந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஏனுங்க, தடவுனீங்களா?"

"பஸ்ல நீ தூங்குறப்ப. வெறுங்கையோட வெச்சுக் குணமாச்சுன்னா பேரு மெஷினுக்கில்ல போயிரும்?"

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலின் திரை விலகியது. ஏகநாதன்! அருவங்காடு ஃபேக்டரியில் ரிட்டயரானவர், எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கை. போன வாரம்தான் "உங்க தைலத்துல முட்டி ஜம்முனு ஆயிருச்சுங்க" என்று புகழ்ந்துவிட்டுப் போனார். இப்போது அதே முட்டியில் மெஷின். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏகநாதன் மெதுவாகத் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

கொப்புளம் கட்டியது. மெஷின் நின்றது. கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்தால் உயிர் போனதால், மடியிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் சொல்லிக் கேட்காத மனிதர் கொப்புளம் சொல்லிக் கேட்டார். புண் ஆறுவதற்குள் விரல்களில் உணர்ச்சியும் கொஞ்சம் திரும்பிவிட்டது. சாமி புண்ணியம் என்று நான் கும்பிட்டேன்.

இவர் சும்மா இருப்பாரா? கட்டை அவிழ்த்த அன்றே முழங்கை கண்ணாடி மேசைக்குப் போய்விட்டது. நான் தட்டிவிடுவேன், மறுபடி ஏறும். கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது.

பனி கொட்டத் தொடங்கியபோது ஏகநாதன் கடைக்கு வந்தார். திரையைப் பற்றி இருவருமே மூச்சுவிடவில்லை. கடை நிறைய டூரிஸ்ட்டுகள். இவருக்குக் கேட்க வேண்டுமா?

"நரம்பே நசுங்கிப் போச்சுங்க எனக்கு. எதுல சரியாச்சு? இதுல!" என்று இடது கையால் பெரிய புட்டியைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, என்ற வெரலப் பாருங்க!"

புட்டி நழுவித் தரையில் சிதறியது.

வாசம் கண்ணைக் கரித்தது. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஏகநாதன் மட்டும் நின்று, கண்ணைத் துடைத்தபடி, "மறுபடி மரத்துப்போச்சுங்களா?" என்றார்.

இவர் சுண்டுவிரலை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. முகத்தில் அப்படியொரு பயத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கோபமெல்லாம் போய் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கு ஃபெபிகிட்ட போலாங்களா?" என்றேன்.

தலையாட்டினார். பிறகு ஏகநாதனுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்தார்.

"சட்டைய ரெண்டு தடவ அலசிப் போடு மருதா. வாசம் சுத்தமாப் போகோணும்."