வேண்டாம் என்றவர்

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போலப் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடிக் கைகுவித்த பேராசிரியரின் மணிக்கட்டை அவருடைய மனைவி பிடித்தாள். அவள் பிடித்தது மருந்து ஏறிக்கொண்டிருந்த கையால். அதில் இவ்வளவு பிடி மிச்சமிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"வேணாம்ங்க," என்றாள்.

களைத்திருக்கிறாள் என்று எண்ணி, சத்தமில்லாமல் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அதுவும் வேண்டாமென்று அவள் தலையசைத்தாள். பக்கத்துக் கட்டில்காரியை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். அதற்காகவே அவள் காத்திருந்தாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

"எனக்கு அதுல நம்பிக்கை இல்லைங்க. எப்பவுமே இருந்ததில்ல."

பேராசிரியர் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அமிலப் புகையிலேயே தலை நரைத்தவர். சோதனைக்கூடத்துக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு கணம் கண்மூடி நிற்பார் என்பதால் மாணவர்கள் 'சாமி சார்' என்றே கூப்பிட்டார்கள். உங்கள் கடவுளுக்கு அணு எண் என்ன என்று நாத்திகரான இயற்பியல்காரர் ஆசிரியர் அறையில் சீண்டினால், தனிம அட்டவணை போட்டவருக்கே எண் கேட்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டே மடக்குவார். மகளுக்கு மூச்சிரைப்பு இருந்த காலத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சி வாய்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மறுத்தார். சாயங்காலமானால் வீடு, வீட்டில் பிரார்த்தனை. அவர் முன்னே சொல்ல, மகனும் மகளும் பின்னே சொல்வார்கள். மனைவி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். குடும்பமும் கடவுளும் இரண்டு வேலை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவள் சொன்னதற்கு இப்போது அவர் காரணம் தேடினார். அவர் படித்த படிப்பு அப்படி. பிறந்த மாதமே காய்ச்சலில் போய்விட்ட முதல் குழந்தையைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கும் முன்னாலிருந்தே என்றாள்.

"கோவமெல்லாம் இல்லைங்க. அங்க யாரோ இருக்காங்கன்னு எனக்குத் தோணினதே இல்ல. அவ்ளோதான்."

"அப்ப இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்து என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"நீங்க கண்ண மூடியிருப்பீங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

எழுந்து வெளியே வந்தார். தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலிக்கு வழிவிடச் சொன்னது காதில் விழவில்லை. துக்கமோ அடியோ பட்டு அவள் நம்பிக்கை இழந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார். ஒரு காரணமும் இல்லை என்றதுதான் அவரைப் போட்டு உலுக்கியது. ஊரெல்லாம் நாத்திகர்களோடு வாதாடிவிட்டு வீட்டில் ஒருத்தியோடு சோறு தின்றிருக்கிறோம் என்று நினைத்தபோது கோபம் வந்தது. பிறகு, சொல்லாமல் இத்தனை காலம் இவள் எப்படித் தாங்கினாள் என்று நினைத்தபோது வார்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

உள்ளே திரும்பியதும் அவள் இரண்டு விஷயம் கேட்டாள். தான் போன பிறகு தன் உடலருகே யாரும் பிரார்த்தனை சொல்லக் கூடாது. இத்தனை வருஷம் பிரார்த்தனையில் பொய்யாகவே உட்கார்ந்தாயிற்று, கடைசியிலாவது பொய் வேண்டாம் என்றாள். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"பசங்களுக்குத் தெரிய வேணாம். பொண்ணு தாங்க மாட்டா. நீங்கதான் எப்படியாவது பாத்துக்கணும்."

அவர் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அவள் இதயம் நின்றுபோயிற்று.

வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். குடும்பம் போய்வரும் பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். மகளும் எழுந்தாள், குழந்தைகளுக்குப் பிரார்த்தனை சொல்லிக் கொடுப்பவள் அவள். பேராசிரியருக்கு அதுவரை தான் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது. தன் குரலை வேறு யாருடையதோ போலக் கேட்டார்.

"வேண்டாங்க ஐயா."

சரியாகக் கேட்கவில்லை என்று பெரியவர் குனிந்தார். பேராசிரியர் மறுபடி சொன்னார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று மகன் அவர் காதருகே வந்து கெஞ்சினான். மகள் அவர் முன்னே வந்து நின்றாள்.

"அம்மாவுக்குப்பா. அம்மாவுக்காகக் கூடவா வேணாம்?"

உண்மையைச் சொன்னால் அந்த நொடியே அவர் தப்பிக்கலாம். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இது என் முடிவும்மா. யாரும் எதுவும் சொல்ல வேணாம்."

மகள் அவரைப் பார்த்த பார்வையில் அப்பாவைக் காணோம். பிரார்த்தனை ஒரு வார்த்தையும் இல்லாமல் உடலை எடுத்தார்கள்.

சாமி சாருக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று என்ற செய்தி தெருவெல்லாம் பரவியது. இயற்பியல்காரர் தேடி வந்து, ஒருவழியாக எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள் என்று தோளைத் தட்டினார். பேராசிரியர் மறுக்கவில்லை. பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனால் கேள்விகள் வரும். பதில் சொன்னால் மனைவியின் ரகசியம் வெளியே வந்துவிடும். போவதை நிறுத்தினார். அவருடைய நம்பிக்கை மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதுவே அவருக்குத் திகைப்பாக இருந்தது.

நெடுநாள் முகம் கொடுக்காமலிருந்த மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். எதுவும் பேசாமல் அலமாரியைத் தூசு தட்டி அம்மாவின் புடவைகளை மடித்தாள். அவர் டீ போட அடுப்படிக்குப் போனார். பால் காயத் தொடங்கியபோது கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. தணிந்த குரல், அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், அவர் நிறுத்துகிற இடங்களிலேயே நிறுத்தினாள். நடுவில் அவளாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று வந்தது.

"எங்கப்பாவ விட்டுடாத. அவருக்கு நம்பிக்கையத் திருப்பிக் குடு."

அவருடைய உதடுகள் அவளோடு அசையத் தொடங்கியிருந்தன. பால் பொங்கி விளிம்புவரை ஏறியது. தன் குரல் அவளுக்குக் கேட்டுவிடாதபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுப்பை அணைத்தார்.