ஷார்ஜாத் துவையல்

காதர் பீவி வீட்டுப் பெண்கள் இரண்டு கட்சி. ஒன்று அடுப்புக் கட்சி, மற்றது உரிக்கிற கட்சி.

குடும்பத்துக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணிக் கடை. கடைக்கு வேண்டிய சின்ன வெங்காயமும் பூண்டும் வீட்டிலிருந்துதான் உரித்துப் போகும். மருமகளாக வருகிறவள் முதலில் உரிக்கிற கட்சியில்தான் சேர வேண்டும். அடுப்புக்குப் போக ஒரு பரீட்சை உண்டு. கல்யாணமாகி வருகிற முதல் நோன்பில் ஒரு நாள், புதுப்பெண் தன் கையாலேயே ஏதாவது செய்து, நோன்பு திறக்கிற நேரத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் வைக்க வேண்டும். நாக்கில் பட்டதும் காதர் பீவி தலையை ஆட்டினால் அடுப்பு. ஆட்டாவிட்டால் வெங்காயம்.

மூத்த மருமகள் நசீம் பானு இறைச்சி சம்சா போட்டுத் தேறிவிட்டாள். சைதூன் சாச்சி, அதாவது காதர் பீவியின் கொழுந்தன் மனைவி, தன் காலத்தில் கடல்பாசி இனிப்புக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். அப்போது பரீட்சை வைத்தது காதர் பீவியின் மாமியார். அந்த அம்மாள் மவுத்தாகியும் பல வருஷம் ஆயிற்று. சாச்சியின் மகளுக்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சாச்சி இன்னும் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தாள்.

புதுசாக வந்த இளைய மருமகள் ரஃபியா தினமும் சாச்சிக்கு எதிரே உட்கார்ந்து உரித்தாள். தினமும் வெங்காயச் சாற்றில் வெடித்துப்போன அந்த விரல்களைப் பார்த்தாள். தினமும் தன் விரல்களை மடித்துப் பார்த்துக்கொண்டாள்.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜா. அத்தாவுக்கு வத்தலக்குண்டு, கப்பல் கம்பெனி வேலைக்காகப் போனவர் அங்கேயே குடும்பத்தை வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டில் இந்தியா என்று போட்டிருந்ததே தவிர, ரஃபியாவுக்குத் திண்டுக்கல்தான் வெளிநாடு. குழாயில் எப்போது தண்ணீர் வரும், டவுன் பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறுவது, தெருவில் போகிறவர்கள் "இன்னிக்கு என்ன வெஞ்சனம்?" என்று சமையலை விசாரித்தால் பதில் சொல்ல வேண்டுமா, சும்மா சிரித்தால் போதுமா, எல்லாவற்றுக்கும் அவளுக்குப் பயம்தான். அவளுக்குத் தெரிந்த சமையல் டீ, ஆம்லெட், அப்புறம் ஹம்முஸ். ஹம்முஸ், ஷார்ஜாவில் எதிர் வீட்டு லெபனான்காரம்மா கற்றுக் கொடுத்தது. அதில் மட்டும் அவள் கை தப்பியதே இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷ நோன்பு, கார்த்திகை மழையோடு வந்தது. ரஃபியா தன் முறைக்கு ஹம்முஸ் செய்வதாகச் சொன்னாள். கொண்டைக்கடலையை அவித்து, எள்ளு விழுதும் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைப்பது என்று விளக்கினாள். காதர் பீவி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அப்ப தொவையல்னு சொல்லு" என்றாள். பாயசம் வைத்துத் தப்பித்துக்கொள் என்று புருஷன் முகமது பாரூக் ராத்திரி முழுக்க மன்றாடிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவளை உலுக்கியது. மாமியாரின் அண்ணன் அப்துல் ஜப்பார் மாமாவும் அன்றைக்கு வருகிறார். ரியாத்தில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவர். எந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாலும், அங்கே ஹம்முஸும் ரொட்டியுமாகத் தின்று வளர்ந்த நாக்கு இது என்று தொடங்குகிறவர்.

"அவரு வாய்க்கு ஒண்ணும் தப்பாது, பாத்துக்க" என்றாள் காதர் பீவி.

பரீட்சை அன்று காலையில் ரஃபியா பக்கத்து வீட்டு ஆனந்தமேரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆனந்தமேரி தையல்காரி. ஊரில் எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெள்ளைக் கொண்டைக்கடலை முதல் நாளே வாங்கி ஊறிக்கொண்டிருந்தது. மலைப்பூண்டைப் பாரூக் வத்தலக்குண்டிலிருந்து கொண்டுவந்திருந்தான். எலுமிச்சைக்கு ஊரில் பஞ்சமில்லை. மாட்டிக்கொண்டது எள்ளு விழுதுதான். மிக்ஸியில் போட்டுப் பார்த்ததில் எள்ளு பொடியானதே ஒழிய விழுதாகவில்லை. எந்தக் கடையில் கேட்டாலும் எள்ளுருண்டையை எடுத்து நீட்டினார்கள்.

கடைசியில் ஆனந்தமேரிக்கு யோசனை வந்தது. எண்ணெய் பிரிவதற்கு முன்னால் செக்கில் எள்ளு கூழாகத்தானே சுற்றும்?

சடையாண்டியின் செக்கு கரண்டில் ஓடுகிறது. அன்றைக்குச் சிவப்பெள்ளைப் போட்டிருந்தார். ரஃபியா சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரே எண்ணெய்க்கு வருகிறது, இந்தப் பிள்ளை எண்ணெய் வருவதற்கு முன்னால் கேட்கிறதே என்றார். ஆனாலும் புதுப்பெண் ஆயிற்றே. "செத்த நேரம் கழிச்சு வாங்க தாயி, பதமா எடுத்து வெக்கிறேன்" என்று அனுப்பினார்.

அந்தச் செத்த நேரத்தில் ஆலிவ் எண்ணெய் தேடினார்கள். அது மளிகைக் கடையில் இல்லை, மருந்துக் கடையில் இருந்தது. விரல் நீளப் பாட்டில். எடுத்துக் கொடுத்தவர் குழந்தைக்கு எத்தனை மாசம் என்று விசாரித்தார். குழந்தைக்கு இல்லை, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதற்கு என்று ரஃபியா சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஆனந்தமேரி அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், உடம்பில் தேய்க்க மட்டும் என்று போட்டிருந்தது. ரஃபியாவுக்குக் கண் கலங்கியது. மேலே ஊற்ற நல்லெண்ணெய் போதும் என்று ஆனந்தமேரி தேற்றினாள்.

செக்குக்குத் திரும்பியபோது விழுது தயாராக இருந்தது. சடையாண்டி தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுக்கவில்லை. பலகையில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோபமோ என்று பயந்துபோனாள் ரஃபியா. எள்ளைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள், அதனால்தான் என்று வழியில் ஆனந்தமேரி சொன்னாள். விழுது கருத்திருந்தது. சிவப்பெள்ளு அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

அன்றைக்கு அடுப்பு முழுக்க ரஃபியாவுக்கு. கடலை வெந்ததும் ஒவ்வொன்றாகத் தோலை உரிக்க உட்கார்ந்தாள். அதுதான் லெபனான்காரம்மாவின் பக்குவம். வெங்காயத்தில் பழகிய விரல்கள் பறந்தன. நசீம் பானு எட்டிப் பார்த்துவிட்டு, "வெங்காயம் பத்தலைன்னு கடலையையும் உரிக்கிறியாடி?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கிரைண்டரில் எல்லாம் ஒன்றாகச் சுழன்று வழுவழுவென்று வந்தது. வாசனை சரியாக இருந்தது. ருசி பார்க்கத்தான் முடியவில்லை. நோன்பு. வீட்டில் ஒருவர் நாக்கும் அன்றைக்கு உதவாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் குற்றமில்லை என்று சொல்வார்கள்தான். ஆனால் இந்த வீட்டில் அடுப்புக் கட்சிக்காரர்கள் யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. ஆகவே ஆனந்தமேரியைக் கொல்லைப்பக்கமாகக் கூப்பிட்டாள்.

ஆனந்தமேரி ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"உப்பு?"

"இருக்கு."

"புளிப்பு?"

"அதும் இருக்கு பாப்பா. நல்லாத்தான் இருக்கு."

கேட்டதற்கெல்லாம் அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். கேட்காததை அவள் எதற்குச் சொல்லப் போகிறாள்? வெளிநாட்டுப் பண்டம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி வழித்துத் தின்றுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, வடை. நடுவில் அகலத் தட்டில் ஹம்முஸ். கரண்டி முதுகால் சுழித்து, சுழியில் நல்லெண்ணெய் விட்டிருந்தாள். பக்கத்தில் அடுக்காகச் சப்பாத்தி. பாங்கு கேட்டது. பழத்தைத் தின்று தண்ணீர் குடித்ததும் ரஃபியா ஒரு துண்டைப் பிய்த்து, தொட்டு, வாயில் வைத்தாள்.

இனித்தது.

பேரீச்சம்பழத்தின் மிச்ச இனிப்போ என்று தண்ணீரைக் குடித்து மறுபடி வைத்தாள். மறுபடியும் இனித்தது. எதிரே சைதூன் சாச்சி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் கண் போனது. சாகிறவரைக்கும் அந்த மூலைதான் தனக்கும் என்று ரஃபியாவுக்குப் பட்டது.

எல்லோரும் அப்துல் ஜப்பார் மாமாவைப் பார்த்தார்கள். அவர் சப்பாத்தியை அரபிகள் மாதிரி மடித்து, ஒரு வழி வழித்து, வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"இதான்" என்றார். "அச்சு அசல் இதான். ரியாத்துல எங்க முதலாளி வீட்டுல இதே ருசி. மருமவளே, என்னைய அங்கேயே கொண்டு போயிட்ட."

அவ்வளவுதான், தட்டு ஆளாளுக்கு இழுபட்டது. பாரூக் மார்பை நிமிர்த்திக்கொண்டான். நசீம் பானு இரண்டாம் சப்பாத்தி எடுத்தாள். ரஃபியாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. முதலாளி வீட்டில் இதே ருசியா? அவள் மாமாவையே பார்த்தாள். மெல்ல மெல்ல விளங்கியது. அவர் ஹம்முஸைச் சாப்பிட்டதே இல்லை.

காதர் பீவி தலையை ஆட்டவுமில்லை, ஆட்டாமலுமில்லை. விரலை நக்கிவிட்டு எழுந்தாள். "ரஃபியா, உள்ள வா" என்றாள்.

அடுக்களையில் ரஃபியா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தொவையல்ல கருப்பட்டி போடுறது எந்த ஊருப் பழக்கம்?"

ஷார்ஜாப் பழக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமாவே சான்று கொடுத்துவிட்டார். இந்த ஊரில் மறுத்துச் சொல்ல ஆளில்லை. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அடுப்பு கிடைத்தால் நாளைக்கும் அதற்கு மறுநாளும் இதையே ஹம்முஸ் என்று அரைக்க வேண்டுமே என்று நினைத்தாள். அந்த லெபனான்காரம்மா முகம் வந்து நின்றது.

"எந்த ஊருப் பழக்கமும் இல்ல மாமி. ஹம்முஸ்ல இனிப்பே கெடையாது. கருப்பட்டி எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

காதர் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "விழுது எங்க எடுத்த?"

"சடையாண்டி செக்குல."

"எள்ளு ஆட்டையில கருப்பட்டி போட்டாத்தான் எண்ணெ பிரியும், புள்ள. கூழு வேணும்னு வேற கேட்டிருக்க. திங்கத்தான் கேக்குதுன்னு அந்த மனுசன் கூட ரெண்டு கட்டி போட்டிருப்பாரு."

ரஃபியா தலையில் கை வைத்துக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வந்த காதர் பீவி சட்டென்று நிறுத்தினாள். கூடத்துப் பக்கம் திரும்பினாள். அங்கே மாமா, முதலாளி வீட்டு விருந்தை விவரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கண்ணன்..."

ரஃபியா தரையைப் பார்த்தாள். காதர் பீவி முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதைப் பார்த்து ரஃபியாவுக்கும் அடக்க முடியவில்லை. மாமியாரும் மருமகளும் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது காதர் பீவியின் குரல் இறங்கியிருந்தது.

"வெளிய சொல்லிராத. அம்புட்டு வருசமும் சோறும் ஊறுகாயுமா தின்னுட்டுக் காசு அனுப்புன மனுசன். கூடப்பொறந்த பொம்பளைக எங்க நாலு பேரு கல்யாணமும் அந்தக் காசுதான்."

ரஃபியா தலையாட்டினாள். தான் தேறவில்லையா என்று கேட்டாள்.

"உன் கைருசிய நான் இன்னும் பாக்கவே இல்லையே. சடையாண்டி கைருசியத்தான் பாத்தேன். நாளைக்கு மறுக்கா பண்ணு."

மறுநாள் ரஃபியா செக்குப் பக்கத்திலேயே நின்றாள். சடையாண்டி கருப்பட்டிக் கூடையைத் தொட்டபோதெல்லாம் அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். முந்தின நாள் நல்ல கருப்பட்டியாகத் தேடி எடுத்துப் போட்டதை அவர் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே, வெறும் விழுதை எடுத்துப் பலகையில் வைத்தார்.

அன்றைக்கும் மாமா வந்தார், கூப்பிடாமலேயே வந்தார். பாங்கு முடிந்தது. ரஃபியா தொட்டு வாயில் வைத்ததும் ஷார்ஜாவின் எதிர் வீட்டுச் சமையலறை முழுசாக வந்தது. காதர் பீவி ஒரு வாய் தின்றாள். அப்புறம் இன்னொரு வாய். பிறகு கஞ்சிக் கோப்பையில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தாள். ஹம்முஸை அப்படிச் சாப்பிட்டு ரஃபியா பார்த்ததில்லை. தலை ஆடியது.

மாமா மட்டும் முகம் சுளித்தார்.

"நேத்து மாதிரி வரலையேம்மா. என்னமோ கொறையுது."

பாரூக் பதறிப் பெண்டாட்டியைப் பார்த்தான். ரஃபியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்கென்னண்ணே" என்றாள் காதர் பீவி, அவர் பக்கம் திரும்பாமல். "இனிமே உங்களுக்குத் தனியா அசலா அரைக்கச் சொல்றேன். நாங்க இதத் தின்னுட்டுப் போறோம்."

அடுத்த நாள் காலையில் ரஃபியா வழக்கம்போல வெங்காயக் கூடை முன்னால் வந்து உட்கார்ந்தாள். காதர் பீவி கூடையைக் காலால் சைதூன் சாச்சி பக்கம் தள்ளிவிட்டு, "சீரகச் சம்பாவ ஊறப் போட்டுட்டு உலையப் போய்ப் பாரு" என்று தினமும் சொல்கிறவள் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரஃபியா எழுந்தாள். மருந்துக் கடைப் பாட்டில் ஞாபகம் வந்தது. அதை எடுத்துவந்து சாச்சியின் மடியில் வைத்தாள். சாச்சி மூடியைத் திறந்து முகர்ந்தாள். வெடித்திருந்த விரல்களில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டாள்.

"அந்தத் தொவையல் எனக்கும் சொல்லிக் குடு புள்ள" என்றாள். "இந்த நோன்பு முடியறதுக்குள்ள நானும் ஒருக்கா பரீட்சை எழுதிப் பாக்குறேன்."

உள்ளேயிருந்து காதர் பீவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அரைக்கும்போது உப்பு டப்பாவை மட்டும் சாச்சி தொடக் கூடாது, அவ்வளவுதான் என்று அங்கிருந்தபடியே சொன்னாள்.