உடும்புக்கு ஒரு வெயில்

சூயின் மரக்கூண்டுக்குள் குப்புறப் படுத்து மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தபோது, முன்கூடத்தில் ஐஸ் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. "பாத்து, பாத்து, வாசப்படி!" என்று நாத்தனார் யூலான் கத்தினாள். எழுந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் முழங்கை வரை ஈரமண். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம் என்று அவள் கணவர் வென்ஷான் சொல்வார். அந்தப் பதம் இன்னும் வரவில்லை.

வென்ஷான் அன்று காலையில்தான் போயிருந்தார். கடைசி மூச்சை ஆஸ்பத்திரியில் விடக்கூடாது, வீட்டுக் கூடத்தில்தான் விட வேண்டும் என்று, கையால் அமுக்கும் காற்றுப்பையோடு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வந்து பார்த்தால் கூடத்தில் அவரைக் கிடத்த இடமில்லை. மூன்று வருஷமாக அங்கே கடலையின் கண்ணாடித் தொட்டி உட்கார்ந்திருந்தது. கடலை என்பது அவர் வளர்த்த ஆப்பிரிக்க உடும்பு. குட்டியாக வாங்கி வந்தபோது நிலக்கடலை நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்கியதாம். இப்போது தலை முதல் வால் நுனி வரை ஒரு ஆளின் கை நீளம். தொட்டியைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டுப் பலகை போட்டார்கள். தள்ளிய அவசரத்தில் தொட்டி ஒரு பக்கம் விரிசல் விட்டுவிட்டது.

பலகையில் கிடத்தியதும் வென்ஷான் ஒருமுறை கண் திறந்தார். பார்த்தது சூயினை அல்ல, தொட்டி இருந்த மூலையை.

"பின்ரூம்ல பத்திரமா இருக்கு. கூண்டை இன்னிக்கே நான் முடிச்சிடறேன்," என்று அவள் காதருகே சொன்னாள். அதற்குப் பிறகுதான் காற்றுப்பையை எடுத்தார்கள். அவரிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது. அதில் பொய் இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அன்றைக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கூண்டை அவர் ஒரு வருஷமாகக் கட்டினார். ஆறடி நீளம், தண்ணீர் ஊறாத பெயின்ட், தோண்டிப் போய்ப் படுக்க முழங்கால் உயரத்துக்கு மண். ஒரு கோடியில் கல் அடுக்கி அதற்கு நேர் மேலே சூட்டு விளக்கு. அதை அவர் விளக்கு என்று சொல்லவே மாட்டார், வெயில் என்பார். மறு கோடி முழுக்க நிழல். "வெயில் வேணும்னா இங்க வரணும், வேணாம்னா அங்க போகணும். அதுவே முடிவு பண்ணணும். அதான் வீடு, மத்ததெல்லாம் ஜெயிலு," என்று சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டும் அதே பேச்சு. கோஹூ ஊர் மீன்குட்டைகளுக்கெல்லாம் மோட்டார் பழுதுபார்த்த மனுஷன், சொந்த வீட்டுப் பழைய வயரிங்கை மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே ஓட்டினார். மண்ணும் விளக்கும்தான் பாக்கி என்ற நிலையில் படுக்கையில் விழுந்தார்.

மாலைக்குள் மண் பதத்துக்கு வந்தது. சூயின் விளக்குகளை மாட்டினாள், கல்லுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு கடலையைத் தூக்கினாள். வடக்கிலிருந்து குளிரலை இறங்கி அது இரண்டாம் நாள். குட்டைகளில் மீன் செத்து மிதக்கத் தொடங்கியிருந்தது. கடலை ஈரத்துணி போலக் கையில் தொங்கியது. வழக்கமாகச் சீறும், இன்றைக்கு அதுகூட இல்லை. ஸ்விட்சைப் போட்டாள். வெயில் வந்தது. முன்னால் ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமியது. அடுத்த நொடி வீடு மொத்தமும் இருட்டாகிவிட்டது.

"பழைய லைனும்மா," என்றார் ஐஸ் பெட்டிக்காரர். "எங்க பெட்டி ஒண்ணைத் தாங்கறதே பெருசு. நீங்க என்னடான்னா பின்னால அடுப்பு மாதிரி எதையோ எரிக்கிறீங்க."

அடுக்களையில் இருந்ததையெல்லாம் பிடுங்கிப் பார்த்தார்கள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி வைத்தார்கள். பெட்டியும் வெயிலும் சேர்ந்தால் நிற்கவில்லை. கரண்டு வேலை தெரிந்தவர்கள், ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மீனைக் காப்பாற்றக் குட்டைகளில் கிடந்தார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் யூலான். "ஒரு பக்கம் என் தம்பி. ஒரு பக்கம் பல்லி."

"உடும்பு, அக்கா."

"பெரிய பல்லி! பொணத்தைப் பூனை தாண்டினாலே ஆகாதும்பாங்க. அது இருக்கிற வீட்ல தைரியமா ஒக்காந்திருக்கேனே, அதுவே பெருசு." சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டியின் கண்ணாடியைக் கையால் துடைத்தாள். "அம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. நான் முதுகுல கட்டித் தூக்கின ஒடம்பு, சூயின். அது கெடறதுக்கு நான் விடமாட்டேன். அடக்கம் பண்ற வரைக்கும் ஏழு நாள் வெச்சாகணும்."

சூயின் பெட்டியின் அருகே போனாள். அவளுக்கும் அது அதே உடம்புதான். பெட்டியின் கண்ணாடி வழியே முகம் தெரிந்தது. குளிர் என்றால் ஆகாத மனுஷன், கோடையிலும் சாக்ஸ் போட்டுத்தான் தூங்குவார்.

"ஒரு கம்பளியைப் போத்திவிடேன் அதுக்கு," என்றாள் யூலான், கொஞ்சம் இறங்கி வந்து.

"கம்பளி சூடு தராதுக்கா. நம்ம ஒடம்புல சூடு இருக்கு, அதைக் கம்பளி பிடிச்சு வெச்சுக்கும். அதுக்குச் சொந்தமா சூடே கிடையாது. யாராவது குடுத்தாத்தான் உண்டு."

சொல்லி முடித்த பிறகுதான், அது வென்ஷானின் பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. யூலான் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

சூயின் வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தாள். ஆறடிக் கூண்டில் அவை எந்த மூலைக்கு? "பக்கத்து வீட்லேர்ந்து ஒரு வயர் இழுத்தா?" என்று கூடத்துக்கு வந்து கேட்டாள்.

"துக்கக்காரி அடுத்தவங்க வாசலை மிதிக்கலாமா? காலைல அந்த மூஷெங் கதவுல நான்தானே செவப்புக் காகிதம் ஒட்டிட்டு வந்தேன், நம்ம தீட்டு அங்க போகக் கூடாதுன்னு. அதுவும் போயும் போயும் அவர்கிட்டயா?"

மூஷெங் பந்தயப் புறா வளர்க்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், கூட்டைக் கழுவுவதற்காகக் குஞ்சுகளை முற்றத்தில் கூடையில் வைத்திருந்தார். கடலை எப்படியோ நழுவிப் போய் ஒன்றை விழுங்கிவிட்டது. பெயர் எடுத்த ஜோடியின் குஞ்சு. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. எதிரே வந்தால் வென்ஷான் சிரிப்பார், மூஷெங் வானத்தைப் பார்ப்பார்.

விழுந்த ஸ்விட்சைத் தூக்கிவிடச் சூயின் மறுபடியும் வாசலுக்குப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல்காற்று பந்தல் தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது.

"ஏய்! என்ன உங்க வீடு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு?"

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் மூஷெங் நின்றார். அவருக்குப் பின்னால் புறாக்கூட்டில், குஞ்சுகளுக்குப் போட்ட சூட்டு விளக்கின் மஞ்சள் வெளிச்சம்.

"லைன் தாங்கலைண்ணே. ஐஸ் பெட்டியப் போட்டா வெளக்கு எரிய மாட்டேங்குது."

"எந்த வெளக்கு?"

சூயின் ஒரு கணம் தயங்கினாள். துக்க வீட்டில் நின்றுகொண்டு பொய் சொல்ல மனசு வரவில்லை. "கடலையோட வெளக்கு."

"அந்த மொதலை இன்னும் இருக்கா?"

"இருக்கு. விடிஞ்சா இருக்குமான்னு தெரியலை."

அவர் தன் புறாக்கூட்டைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். குஞ்சைப் பறிகொடுத்தவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டு சூயின் உள்ளே வந்தாள். கூண்டருகே உட்கார்ந்து கடலையின் வயிற்றில் கை வைத்தாள். மூச்சு வந்து அடுத்த மூச்சு வருவதற்குள் இவளுக்கு மூச்சு முட்டியது. காலையிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள்.

பின்னறை ஜன்னலில் டொக் டொக்கென்று ஏதோ இடித்தது. திறந்தால், மேலேயிருந்து ஒரு வயர் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ப்ளக் பாயின்ட்டும், அதற்குக் கொஞ்சம் மேலே முடிச்சுப் போட்ட சிவப்புத் துணியும்.

"யார் வாசலையும் மிதிக்கலை!" மாடி விளிம்பிலிருந்து மூஷெங்கின் குரல். "ஆகாசத்து வழியா வருது. உங்க நாத்தனார்கிட்ட சொல்லு, மொறையில ஒண்ணும் கொறையாது."

"அண்ணே, அன்னிக்கு அந்தக் குஞ்சு…"

"அதை நான் வென்ஷான்கிட்ட பேசிக்கறேன். நீ போய் மாட்டும்மா. வெறைச்சிடப் போவுது."

மாட்டினாள். வெயில் வந்தது. முன்னால் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை எதுவும் அணையவில்லை. சூயின் நெடுநேரம் நம்பாமல் காத்திருந்தாள். கல்லின் மேல் கிடந்த கடலை முதலில் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு உடம்பைத் தட்டையாகப் பரப்பி, முதுகு முழுவதையும் வெளிச்சத்துக்குக் கொடுத்தது. நாக்கை ஒருமுறை நீட்டிப் புது மண்ணை மோந்து பார்த்தது.

"எதுக்கு இவ்ளோ மண்ணு?" என்றாள் யூலான். பின்னறைக்கு அவள் வந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"பள்ளம் தோண்டித் தூங்கும்க்கா."

"பைத்தியக்காரன். ஒரு பல்லிக்கு மெத்தை போட்டிருக்கான் பாரு," என்றாள் யூலான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சில்லிட்ட கைகளைக் கூண்டின் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். "நீ போய் மொகம் கழுவு. நான் இங்க ஒக்காந்திருக்கேன். ஊதுபத்தியையும் பாத்துக்கறேன்."

சூயின் முகம் கழுவவில்லை. மூஷெங்கிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாசலுக்கு வந்து, பந்தல் ஓரத்தோடு நின்றாள். அதற்கு மேல் அவள் போகக்கூடாது. அண்ணாந்து பார்த்தாள். மாடியில் அந்த மஞ்சள் வெளிச்சம் இல்லை, புறாக்கூடு இருந்த இடம் தெரியாமல் இருட்டாக இருந்தது.

பக்கவாட்டு இரும்புப் படியில் மூஷெங் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் ஜாக்கெட்டின் வயிற்றைத் தாங்கியபடி, கர்ப்பிணி இறங்குவது போல ஒவ்வொரு படியாக. ஜாக்கெட் அங்கங்கே புடைத்து அசைந்தது. கழுத்துப் பட்டைக்கு மேலே ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது. அவர் அதை விரலால் உள்ளே தள்ளி, ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.