அழுத்தம் இறங்கும் வரை

காலை பத்தரைக்கு ஆய்வகத் திரையில், வெப்பம் ஓடும் வேகத்தைக் காட்டும் கோடு சடாரென்று கீழே விழுந்தது. இரண்டு நாளாக அவள் அந்த உப்புப் படிகத்தை இயந்திரத்தில் வைத்து நெருக்கிக்கொண்டிருந்தாள். நெருக்க நெருக்க அதன் வழியே வெப்பம் வேகமாகத்தான் ஓடியது. வளிமண்டல அழுத்தத்தைப்போல இருபதாயிரம் மடங்கைத் தொட்டதும் ஒரே சரிவு. இருந்ததில் கடைசிப் படிகம் அது.

எட்டிப் பார்த்த பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "கல்லு விரிசல் விட்டிருக்கும்மா. மூடிட்டுக் கிளம்பு. உன் வீட்டுக்காரர் வாசல்ல நிக்கிறார்."

கப்பலில் இன்ஜின் வேலை பார்க்கும் கணவனை அவள் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. கப்பல் இன்று ஒரு பகல் மட்டும் துறைமுகத்தில் நிற்கும். ஆறு மணிக்குள் அவன் ஏறிவிட வேண்டும். வீட்டைப் பெருக்கித் துடைத்து, புதுப் போர்வை விரித்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஆனால் இது விரிசல் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அழுத்தத்தை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். விரிசல் என்றால் கோடு கீழேயே கிடக்கும். உள்ளே அணுக்களின் அடுக்குத்தான் மாறியிருக்கிறது என்றால் திரும்ப ஏறிவரும். அவசரப்பட்டால் கல் நொறுங்கிவிடும். ஐந்து மணி நேர வேலை. நாளை இயந்திரம் வேறொருவர் கைக்குப் போகிறது.

"நீ பாரு. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்" என்றான், உள்ளே வந்து விஷயத்தைக் கேட்ட கணவன். கொஞ்சம் முகம் வாடித்தான் போயிற்று.

ஒவ்வொரு படியாக இறக்கினாள். அவன் திரையைப் பார்த்து எண்ணைச் சொன்னான், அவள் எழுதினாள்.

"உள்ள அப்படி என்னதான் ஆகுது?"

"ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்துல ஆறு பேர் இருந்தாங்க. நெருக்குனதுல எட்டு பேர் ஆயிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். அந்த அடுக்குல வெப்பம் தடுமாறித்தான் போகும்."

"நாலு பேர் ரூம்ல எட்டு பேரப் படுக்கவெச்சா அப்படித்தான். தண்ணி குடிக்கப் போறதுக்குள்ள பத்துக் கால மிதிக்கணும்."

சிரித்துவிட்டாள். பிறகுதான் உறைத்தது. போனில் எப்போதும் 'எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்' என்பவன் அல்லவா?

"எட்டு பேரா? சொல்லவே இல்லையே நீங்க?"

"அடுத்த நம்பர எழுதிக்கோ" என்றான்.

முன்பு சரிந்த அழுத்தத்துக்குக் கீழே இறக்கியும் கோடு அசையவில்லை. மணி மூன்றரை. இருந்த ஒரு பகலையும் பாழாக்கிவிட்டோமே என்று நினைத்தாள். இன்னும் இரண்டு படி இறக்கினாள். கோடு குப்பென்று மேலே எழும்பிப் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

"ஏங்க!" என்று திரும்பினாள். அவன் சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. எழுப்பவில்லை. பேராசிரியரிடம் ஓடவும் இல்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகம் போகும் ஐந்து மணிப் பேருந்தில் அவனை ஏற்றிவிட்டாள். கூட்டத்துக்குள் நெருக்கியடித்துப் பின்பக்கக் கண்ணாடிக்கு வந்தவன் எதையோ கேட்டான். கண்ணாடி மூடியிருந்தது. மறுபடியும் கேட்டான். என்னவென்று புரியாமலே, பேருந்து திருப்பத்தில் மறையும்வரை, அவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு நின்றாள்.