விடுபட்ட இரண்டு அடி

ஹோசியா கிரிமெட் தன்னை அடையாளம் கண்டுகொண்டான் என்பது ஓசெல் டார்ப்லிக்கு உடனே தெரிந்துவிட்டது. ஹோசியா முதலில் அவன் முகத்தைப் பார்த்தான்; அடுத்து அவன் இடக்கையைப் பார்த்தான்; அதன்பின் இரண்டையும் பார்க்கவில்லை.

மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நெரிந்துகொண்டிருந்தது. பழைய டயரும் உயிர்க்கோழியும் காலுறையும் விற்றவர்களுக்கு நடுவே, வெங்காயம் வதங்கும் புகையில், ஹோசியாவின் இசைக்குழு நின்றிருந்தது. அவர்களுடைய ஒலிபெருக்கிக்கு மின்சாரம், மேல்மாடியில் குடியிருந்த மிஸ் வெர்டெல்லின் சன்னலிலிருந்து தொங்கிய கம்பியில் வந்தது.

“அக்கா ஒரு மணிக்கு சர்ச்சுலேர்ந்து வந்துருவா,” என்று அவள் சன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். “தெருமுனைல அவ தொப்பி தெரிஞ்சா நான் பிளக்கப் புடுங்கிருவேன். பாட்டு பாதியில நின்னுருச்சுன்னு எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

“அக்காவையும் ஒருநாள் உக்காந்து கேக்கச் சொல்லுங்க, மிஸ் வெர்டெல்,” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் பிங்க்னி.

“அவ கேட்டா உனக்குப் பாடை கட்டிருவா.”

மணி பன்னிரண்டே முக்கால்.

ஓசெலின் சட்டைப்பையில் ஒரு படிவம் இருந்தது. நடன வீட்டில் நடந்த கத்திக்குத்து ஒன்றுக்காக மிசிசிப்பியின் சிறைப் பண்ணையில் எட்டு ஆண்டுகள் இருந்தவனை, நன்னடத்தையின் பேரில் வெளியே விட்டிருந்தார்கள். சிகாகோவில் தங்க விதித்த நிபந்தனை ஒன்றுதான்: பத்து நாளுக்குள் வேலை. நாளைக் காலை ஒன்பது மணிக்குள் முதலாளி ஒருவரின் கையெழுத்தோடு அந்தத் தாள் நன்னடத்தை அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால், மீதியிருக்கும் நான்கு ஆண்டுகளைக் கழிக்க அவன் பண்ணைக்குப் போய்ச் சேரவேண்டும். இறைச்சிக் கூடத்தில் மாட்டேன் என்றார்கள். சலவைக் கூடத்தில் படிவத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. ஹோசியாவின் இரண்டாவது கிதார்க்காரன் எஃகு ஆலைக்குப் போய்விட்டான் என்று ஓசெல் நேற்றுத்தான் கேள்விப்பட்டான்.

“பேரு?” என்றான் ஹோசியா.

“ஓசெல்.”

“எந்த ஊரு?”

இருவருக்கும் ஊர் ஒன்றே. ஒரே பருத்தித் தோட்டத்தில் ஹோசியா டிராக்டர் ஓட்டினான். ஓசெல் பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் அரைவை ஆலையில் வேலை பார்த்தான்.

“தெக்குப் பக்கம்,” என்றான் ஓசெல்.

“இங்க நிக்கிற எல்லாருமே தெக்குப் பக்கந்தான் அண்ணே,” என்றான் பிங்க்னி. “வடக்குல பொறந்தவனுக்கு ப்ளூஸுன்னு துக்கத்தப் பாட என்ன கேடு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹோசியா கிதாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தான். “நம்ம ரெக்கார்டுப் பாட்டு வாசிக்கட்டும்,” என்று பிங்க்னியைப் பார்த்துச் சொன்னான். “அது வந்தா எடுத்துக்கலாம்.”

ஹோசியா இசைத்தட்டில் பதிந்திருந்த அந்தப் பாட்டு ஓசெலுடையது. ‘உன் பாட்டு வடக்கே இசைத்தட்டில் சுழல்கிறது’ என்று புதிதாக வந்த கைதி ஒருவன் சொல்லியிருந்தான். பண்ணையில் கிராமபோன் கிடையாது. ஆகவே அந்த இசைத்தட்டை ஓசெல் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் குழுவின் மற்றொரு கிதாரை எடுத்து ஆரம்பித்தான்.

பாட்டின் முதற்சுற்று முடிவில் டிரம்ஸ் அவனை முந்திக்கொண்டது. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மூன்றாவதில் பிங்க்னி குச்சிகளைத் தூக்கிப் பிடித்துவிட்டான்.

“அண்ணே, எண்ணத் தெரியுமா தெரியாதா? சுத்தோட கடைசியில தாளத்துல ரெண்டு அடி கூடப் போறீங்க. இந்தத் தெருவுல பால்குடி மறக்காததுக்குக்கூடத் தெரியும், அங்க ரெண்டு அடி கெடையாதுன்னு.”

“சொந்தமா இழுத்து விடுறாரு போல,” என்றான் காலுறை விற்பவன். சிரிப்பு எழுந்தது.

எந்த இரண்டு அடி என்பது ஓசெலுக்கு அப்போது விளங்கியது.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய கோடையில் அரைவை இயந்திரத்தின் பட்டை அவன் இடக்கையின் கடைசி இரண்டு விரல்களை நசுக்கியது. துணி சுற்றிய விரல்களோடு சனிக்கிழமை விருந்துகளில் வாசித்தான். சுற்றின் முடிவில் கை கீழே இறங்கவேண்டிய இடத்துக்கு அந்த விரல்கள் எட்டவில்லை; அதனால் இரண்டு அடியை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குத் தாவினான். அந்தக் கோடை முழுவதும் ஹோசியா அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தான், இலையுதிர்காலத்தில் ரயிலேறிவிட்டான். விரல்கள் ஆறியது அதற்குப் பிந்திய குளிர்காலத்தில். ஒரு காயத்தால் குறைந்துபோன தாள அளவை ஹோசியா வடக்கே கொண்டுவந்திருந்தான். இசைத்தட்டிலிருந்து அதை நகரமே கற்றிருந்தது.

ஹோசியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் மேலே தொங்கிய மின்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையை உரக்கச் சொல்லலாம் என்று ஓசெல் எண்ணினான். சொன்னால் ஹோசியா அவமானப்படுவான். அவமானப்பட்டவன் கையெழுத்துப் போடமாட்டான்.

“இன்னொரு தரம்,” என்றான்.

“மணி என்ன ஆச்சு தெரியுமா?” என்றான் பிங்க்னி.

“ஒரே தரம் தம்பி.”

ஹோசியா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு ஓசெல் தொடங்கினான். நலமாக இருக்கும் கை தானாக முழுத் தாள அளவுக்கே ஓடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கடைசி இரண்டு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற இரண்டால் வாசித்தான். முதல் முடிவு வந்தது. விரல்கள் எட்டவில்லை, கை தாவியது, டிரம்ஸ் அவனோடு சேர்ந்து விழுந்தது.

காலுறைக்காரன் கைதட்டினான். இரண்டாம் சுற்றில் கூட்டம் நெருங்கி வந்தது. மூன்றாம் சுற்றில் ஹோசியா அந்த மடக்கிய விரல்களைப் பார்த்தான். அவன் கிதார் ஓய்ந்தது. அவன் பாடவேண்டிய வரி பாடப்படாமலே கடந்துபோயிற்று.

மேலே சன்னல் படாரென்று மூடியது. ஒலிபெருக்கி செத்தது. தெருமுனையில் ஊதாநிறத் தொப்பி ஒன்று வந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான் பிங்க்னி. “ஆனா ஏன் விரல மடக்கிட்டு வாசிக்கிறீங்க?”

“பழக்கம்,” என்றான் ஓசெல். படிவத்தை எடுத்து டிரம்ஸின் மேல் விரித்தான்.

ஹோசியாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. பிங்க்னி பேனாவை வாங்கி, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து நிரப்பினான். பெயர், வேலை, இடம். பிறகு நின்றான்.

“‘இவரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்?’ இப்பதான் கால் மணி நேரமாத் தெரியும்னு போட்ருவமா?” தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கீழே படித்தான். சிரிப்பு நின்றது. “ஒரு வருஷத்துக்குக் கொறஞ்சா செல்லாதாம் அண்ணே.”

ஓசெல் பேனாவின் முனையையே பார்த்தான். பேசினால் அது கெஞ்சலாகவோ மிரட்டலாகவோ ஆகிவிடும். இரண்டுமே காரியத்தைக் கெடுக்கும். காலுறைக்காரன் இன்னும் அங்கேயே நின்றான். ஹோசியா தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

“ரெண்டுன்னு போடவா?” என்றான் பிங்க்னி. “யாரு வந்து கேக்கப்போறா?”

“பதிமூணு,” என்றான் ஹோசியா.

“என்னது?”

“பதிமூணு வருஷம். எழுது.”

பிங்க்னி எழுதினான். எழுதிய எண்ணைப் பார்த்தான். இசைத்தட்டு வந்து ஏழு ஆண்டுகள்தான் என்பது அவனுக்குத் தெரியும். கணக்கு மெதுவாகவே அவன் முகத்தில் ஏறியது. அவன் ஓசெலின் கையைப் பார்த்தான். விரல்கள் இப்போது நேராக இருந்தன.

“அப்ப அந்த ரெண்டு அடி...” என்று தொடங்கி, ஹோசியாவிடம் திரும்பினான். “அடுத்த ஞாயித்துக்கெழம நான் எதை எண்ணி வாசிக்கட்டும்?”

“அவரக் கேளு,” என்றான் ஹோசியா.

“முதல்ல கையெழுத்து,” என்றான் ஓசெல்.

ஹோசியா குனிந்தான். டிரம்ஸின் தோல் தாளுக்கு அடியில் அமுங்கியதால் எழுத்துகள் கோணலாக விழுந்தன. ஓசெல் தாளை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்து, மை காயும்வரை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.